சாம்பலுக்குக் காவல்

கடுக்காமரத்தூர்,
ஜவ்வாது மலை.
18-4-83, திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய பாண்டுரங்கன் மாமா அவர்களுக்கு, தங்கள் கொழுந்தியாள் ஜெயம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் சாந்தா அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். தங்களுடையது மெத்தை வீடு, ஆகையால் இதை விசாரிக்காமலே எழுதலாம். இங்கே நானும் தங்கள் சகலையும் ஒன்பது மாதப் பாப்பாவும் உயிரோடு இருக்கிறோம் என்பதை முதலில் தெரிவித்துவிடுகிறேன். சௌக்கியமா என்பதை முழுவதும் படித்துவிட்டுத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். இந்தக் கடிதத்தைப் பத்து நாளைக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். ஒரு கையில் பாப்பா, மறு கையில் கம்பு என்று உட்கார்ந்திருப்பவளுக்குப் பேனா பிடிக்க மூன்றாவது கை இல்லை. கம்பு எதற்கு என்றால் சாம்பலைக் காவல் காக்க. சாம்பலுக்கு எதற்குக் காவல் என்றால், மாமா, நீங்கள் எழுதியனுப்பிய துண்டுச் சீட்டுக்காக.

தீ வந்த கதை உங்களுக்குத் தெரியும், ஆனால் உங்கள் சகலை சொல்லித் தெரியும். அவர் அன்றைக்குக் கீழே ஆசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தார். பார்த்தவள் நான் சொல்கிறேன். மார்ச் இருபத்து நாலாம் தேதி, வியாழக்கிழமை, மத்தியானம். கீழ்ச்சரிவில் காய்ந்த புல் பற்றி, மூங்கில் புதருக்கு வந்து, மூங்கில் வெடிக்கிற சத்தம் கேட்டது. யாரோ கல்யாணத்துக்கு வேட்டு விடுகிறார்கள் என்று நினைத்து நான் உலையில் அரிசி போட்டேன். அரிசி வேகவில்லை, அதற்குள் பதினோரு வீடு போய்விட்டது. பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்தது நினைவிருக்கிறது. இன்னொரு கை தானாக எதையோ எடுத்துக்கொண்டது. புளியந்தோப்பில் போய் நின்று கையைத் திறந்து பார்க்கிறேன், நீங்கள் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த பிரஷர் குக்கரின் விசில் குண்டு. குக்கர் இல்லை, குண்டு மட்டும். தாவர இயலில் முதல் வகுப்பு வாங்கிய சர்டிபிகேட் பெட்டி ஓர் எட்டு தூரத்தில்தான் இருந்தது. அக்கா கேட்டால் குக்கரில் ஒரு பாகம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.

யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அன்று இரவு எல்லோரும் புளியந்தோப்பில் கிடந்தோம். மறுநாள் விடிந்ததும் இந்த ஊர்க்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள், அதில்தான் எல்லாம் ஆரம்பம். எரிந்த வீட்டின் சாம்பல் மூன்றாம் பொழுதைப் பார்க்கக் கூடாது என்பது இங்கே வழக்கம். எரியாத வீட்டுக்காரர்கள் ஆளுக்கு நான்கு மூங்கிலும் இரண்டு கட்டுப் புல்லும் கொண்டுவந்து போட்டார்கள். ஆண்கள் கம்பு நட்டார்கள், பெண்கள் சாம்பலை அள்ளி ஊருக்கு வெளியே கொல்லை நிலத்தில் எருவாகக் கொட்டினார்கள், குழந்தைகள் மண் மிதித்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை, யாரும் அழவும் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் பத்து வீடு நின்றுவிட்டது. கடைசியாக ஊர்க்கவுண்டர் கோபால்சாமி மூங்கிலைத் தோளில் போட்டுக்கொண்டு என் வாசலுக்கு வந்தார், வாசல் என்று ஒன்று இருந்த இடத்துக்கு.

அதற்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் உங்கள் சகலை கீழேயிருந்து வந்து உங்கள் சீட்டைக் கொடுத்திருந்தார். "எரிந்தது எரிந்தபடி இருக்கட்டும். ஒரு குச்சியைக்கூட நகர்த்தக் கூடாது. ஆய்வுக்கு முன் கலைத்தால் நிவாரணம் கிடையாது." கீழே கையெழுத்து, கையெழுத்துக்குக் கீழே தேதி. தங்கள் தாலுகா ஆபீஸ் பழக்கம் வீட்டுச் சீட்டிலும் வந்துவிடுகிறது. நானும் படித்தவள் அல்லவா, அந்தச் சீட்டைக் கவுண்டரிடம் நீட்டினேன். அவர் படிக்கத் தெரியாதவர், மரியாதைக்கு வாங்கி ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

"இன்னா வாத்தியாரம்மா, கை வெச்சிடலாமா?"

"வைக்கக் கூடாதுங்க. அதிகாரி வந்து பார்க்கணும்."

"இன்னாத்தப் பாக்கணும்?"

"எரிஞ்சத."

"எரிஞ்சத எங்க ஊரே பாத்துச்சே. அவரு தனியா வேற பாக்கணுமா?"

பதிலுக்கு நான் சாம்பலைச் சுற்றி நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டிவிட்டேன். நாங்கள் மூவரும் புளியந்தோப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஒண்டிக்கொண்டோம். பாப்பாவின் ஏணை கரும்பலகைக்கு மேலே உத்தரத்தில் தொங்குகிறது. அவள் தூங்கினால் உங்கள் சகலை வாய்ப்பாட்டை உதட்டசைவில் நடத்துகிறார், முப்பத்து நாலு பிள்ளைகளும் உதட்டசைவில் திருப்பிச் சொல்கிறார்கள். ஏழாம் வாய்ப்பாடு யாருக்கு வந்திருக்கிறது, யாருக்கு வரவில்லை என்பது பரீட்சையில்தான் தெரியும்.

நான்காம் நாள் காட்டிலாகாவின் கார்டு வந்தார். காக்கி உடுப்பு. தீ வைத்தது யார் என்று கேட்டார், ஒருவருக்கும் தெரியவில்லை. அப்புறம் புது வீடுகளைப் பார்த்தார். இந்தப் பச்சை மூங்கில் எங்கே வெட்டியது, யாரைக் கேட்டு வெட்டியது என்று கேட்டுவிட்டு, இது கேஸ் ஆகும் என்று சொல்லி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். அன்றோடு ஊருக்கு ஒரு விஷயம் புரிந்துபோயிற்று. வீடு புதிது என்று சொன்னால் மூங்கில் கேஸ்.

பன்னிரண்டாம் நாள் நம்முடைய வி.ஏ.ஓ. வந்தார். கர்ணத்தை எடுத்துவிட்டு அந்த இடத்துக்குப் போட்டார்களே, அந்தப் புது வேலைக்காரர். பழனி என்று பெயர், சின்ன வயது, ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்திருந்தார். செருப்பு அறுந்து கையில் இருந்தது. பாவம், நிவாரணம் கொடுப்பதற்குத்தான் வந்தார். ஆனால் அவர் போட்டிருந்த கால்சட்டை காக்கி நிறம். மாமா, அரசாங்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், கொடுக்க வருகிறவர்கள் ஒரு நிறத்திலும் பிடிக்க வருகிறவர்கள் வேறு நிறத்திலும் வந்தால் ஜனங்களுக்குச் சௌகரியமாக இருக்கும்.

நான் பாப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு ஓடி வருவதற்குள் அவர் செல்லியம்மாள் வீட்டில் ஆரம்பித்துவிட்டார். செல்லியம்மாள் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. தீ வந்த அன்று அவள் காப்பாற்றியது ஒரு உலக்கையும் ஒரு கோழியும்.

"இது யார் வீடும்மா?"

"எங்க வூடுதாங்க."

"தீயில எரிஞ்சதா?"

செல்லியம்மாள் அவர் கால்சட்டையைப் பார்த்தாள். "இல்லீங்க சாமி. இது பழைய வூடு."

"பழைய வீடா? மூங்கில் பச்சையா இருக்குதே."

"அது அப்படித்தான் இருக்கும்ங்க."

"எத்தனை வருசம் ஆச்சு கட்டி?"

"எங்க மாமனாரு கட்னதுங்க."

"ஆமாங்க, நானே பாத்திருக்கேன்," என்றான் புளி வியாபாரம் செய்கிற கருப்பன், கேட்காமலே.

பழனி களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தார். நிமிர்ந்தபோது முதுகு முழுக்க ஈரமண் ஒட்டியிருந்தது. தடவிப் பார்த்தார். "மாமனார் கட்டின சுவர் இன்னும் காயலியா?"

"மலையில ஈரம் ஜாஸ்திங்க," என்றாள் செல்லியம்மாள், கண்ணைச் சிமிட்டாமல்.

பத்து வீட்டிலும் இதே கதை. நான் குறுக்கே விழுந்து, அத்தனையும் எரிந்த வீடுதான், காட்டிலாகாவுக்குப் பயந்து மறைக்கிறார்கள் என்று சொன்னேன். சொன்ன வேகத்தில் ஊரே என்னைக் காட்டிக்கொடுத்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தது. இவர் வேறு ஆபீஸ், அவர் வேறு ஆபீஸ், இவர் கொடுப்பவர் என்று நான் விளக்கினேன். "ரெண்டும் ஒரே கவுருமெண்ட்டுதானே," என்றார் கவுண்டர். பழனியே அதற்கு ஆமாம் என்று தலையாட்டிவிட்டார்.

நிவாரணத்தில் என்னென்ன உண்டு என்று பழனி படித்தார். அரிசி, வேட்டி, சேலை, கைச்செலவுக்குக் கொஞ்சம் ரொக்கம், கூரைக்கு மூங்கில். மூங்கில் என்றதும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். மூங்கிலை எங்கே கொடுப்பார்கள் என்றால், மலைக்குக் கீழே காட்டிலாகா டிப்போவில். அந்த டிப்போவுக்கு மூங்கில் எங்கேயிருந்து போகிறது என்றால், இந்த மலையிலிருந்து. "அப்ப எங்க மூங்கில நாங்களே கீழ போய் வாங்கி, நாங்களே மேல தூக்கினு வரணும்," என்று கவுண்டர் சந்தேகம் தீர்த்துக்கொண்டார். அப்படித்தான் விதி என்றார் பழனி. பிறகு எரிந்த பொருள்களின் பட்டியல் கேட்டார். இதை எழுதும் வேலை எனக்கு வந்தது. செல்லியம்மாள் தன் மூக்குத்தியைச் சேர்க்கச் சொன்னாள். அது நான்கு வருடத்துக்கு முன் போளூர்ச் சந்தையில் தொலைந்தது. "அது எரியலியே செல்லி," என்றேன். "போனது போனதுதானே, எழுதிக்கினா கவுருமெண்டு இன்னா கொறஞ்சா போயிடும்," என்றாள். கைரேகை வாங்கலாம் என்றால் பழனியின் மைப்பெட்டி காய்ந்துபோயிருந்தது. அவர் கயிற்றைத் தாண்டிக் குனிந்து என் சாம்பலிலிருந்து ஒரு கரித்துண்டை எடுக்கப் பார்த்தார். ஆய்வுக்கு முன் ஒரு குச்சியும் நகரக் கூடாது என்று நான் கம்பை நீட்டினேன். அரசாங்க ஊழியர் மேல் கம்பை நீட்டியது இதுதான் முதல் தடவை. செல்லியம்மாள் அடுப்பிலிருந்து கரி வந்தது, பழைய வீட்டு அடுப்பு.

அப்புறம் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதைத் தாங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். "மேடம், எனக்கு எல்லாம் தெரியுது. ஆனா எரிஞ்ச வீட்டைப் பார்த்தேன்னு எழுதணும்னா எரிஞ்ச வீடு ஒண்ணாவது இருக்கணும். இந்த ஊருக்குத் தீ வந்ததுக்கே உங்க வீடு ஒண்ணுதான் அத்தாட்சி. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து இதைக் கண்ணால பாத்துட்டார்னா மத்த பத்தையும் சேர்த்து எழுதிடலாம். அதுவரைக்கும் தயவுசெஞ்சு கலைச்சிடாதீங்க." சுற்றி நின்றவர்களும் கேட்டார்கள். ஆக மாமா, நான் காவல் காப்பது என் வீட்டுச் சாம்பலை மட்டும் என்று நினைக்காதீர்கள். பதினோரு குடும்பத்தின் அரிசியும் துணியும் அந்தக் கயிற்றுக்குள்ளே கிடக்கிறது.

படித்த மூளை சும்மா இருக்குமா. மறுநாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. என்னிடம் சாம்பல் நிறைய இருக்கிறது, மற்றவர்களிடம் இல்லை. ஆளுக்கு ஒரு கூடை கொடுத்து வீட்டுப் பக்கத்தில் கொட்டிவைத்தால் இன்ஸ்பெக்டர் வரும்போது பத்து இடத்திலும் அத்தாட்சி இருக்கும். சாயங்காலம் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். ஒரு வீட்டுச் சாம்பலை இன்னொரு வீட்டு வாசலுக்குக் கொண்டுபோவது இந்த ஊரில் செய்வினை வைப்பதற்குச் சமம் என்பது எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. செல்லியம்மாள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "நல்ல வேள, நீ சொன்ன. வேற எவளாவது சொல்லியிருந்தா வெளக்கமாறுதான்," என்றாள். அவள் வாயிலிருந்து வந்தால் அது சமாதானம்.

இதுவரைக்கும் வேடிக்கை, மாமா. இனிமேல் இல்லை.

இங்கே இன்னொரு வழக்கமும் இருக்கிறது. ஊரில் சாம்பல் கிடக்கும்வரை யாரும் ஏர் பூட்ட மாட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை முதல் மழை இறங்கியது. சாமைக்கு உழ வேண்டிய ஈரம் இது. ஆறு நாளாக ஊர் மாடெல்லாம் கட்டுத்தறியில் நிற்கிறது, என் சாம்பலுக்காக. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டினாலாவது நானும் நான்கு வார்த்தை பேசலாம். காலையில் ஒருவர் இருவராக வருகிறார்கள். ஒரு மூங்கிலைக் கயிற்றோரம் போடுகிறார்கள், கொஞ்ச நேரம் குந்தியிருக்கிறார்கள், சாம்பலைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள், வானத்தைப் பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். மூங்கில் குவியல் என் இடுப்பளவு வந்துவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மழையைச் சொல்ல வேண்டும், சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதல் துளி விழுந்ததும் எனக்குச் சாம்பல் கரைந்துவிடுமே என்றுதான் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு தார்ப்பாய் உண்டு, சத்துணவு அரிசி மூட்டைகளை மூட வைத்தது. அதை இழுத்துக்கொண்டு ஓடிப்போய்ச் சாம்பலை மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்கிறதா என்று ஒரு சுற்று வந்து பார்த்தேன். திரும்பி வந்து பார்த்தால் பள்ளிக்கூடத்து ஓடு ஒழுகி ஏணையில் தண்ணீர் நிற்கிறது. பாப்பா அழக்கூட இல்லை, நனைந்த துணிக்குள் உதடு நீலம் பாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலேயே வந்த செல்லியம்மாள் அவளைப் பிடுங்கித் தன் மடியில் போட்டுத் துடைத்தாள். "சாம்பலுக்குக் கூரை போட்டுட்ட. புள்ளைக்கு எப்பம்மா போடுவ?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து இருமல். ராத்திரியில் நெஞ்சு கர்கர் என்கிறது. பால் குடிக்க ஆரம்பித்தால் மூச்சு வாங்கி விட்டுவிடுகிறாள். ஜமுனாமரத்தூர்க் கம்பவுண்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். மருந்து கொடுத்தார். இன்னொரு தடவை நனைந்தால் தன்னால் ஆகாது, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றார். அதாவது ஒன்பது மைல் தூக்கிக்கொண்டு நடந்து, ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ வரும் பஸ்ஸுக்குக் காத்திருந்து. மழையில்.

செல்லியம்மாள் வீட்டில் இருக்கலாமே என்பீர்கள். கூப்பிடத்தான் செய்கிறாள். ஒன்பது பேர் இருக்கும் ஒற்றை அறை, உள்ளேயே அடுப்பு, புகை பட்டால் பாப்பாவுக்கு மூச்சே நிற்கிறது. பக்கத்தில் வேறு குடிசை போடலாமே என்பீர்கள். சாம்பல் கிடக்கும்போது புதுக் கூரை ஏறக் கூடாது என்கிறார் கவுண்டர், மாற்று வீடு இருந்தால் நிவாரணம் குறையும் என்கிறார் பழனி. இரண்டு விதிகள் ஒத்துப்போகிற ஒரே இடம் இதுதான். கண்ணமங்கலத்துக்கு அம்மா வீட்டுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாமே என்பீர்கள். உங்கள் சகலையும் அதைத்தான் சொல்கிறார். ஆனால் காவலை அவரிடம் விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். யார் எதைக் கேட்டாலும் "சரிங்க" என்பவர். நான் புளியந்தோப்பைத் தாண்டுவதற்குள் கவுண்டர் கேட்பார், இவர் சரிங்க என்பார், பதினோரு வீட்டு அரிசியும் கொல்லைக்குப் போய்விடும்.

சனிக்கிழமை பழனி ஆள் அனுப்பினார். இன்ஸ்பெக்டர் வருகிற திங்கட்கிழமை, இருபத்தைந்தாம் தேதி வருகிறாராம். ஊரில் சொன்னேன். கவுண்டர் விரல் விட்டு எண்ணினார்.

"வெள்ளிக்கெழம வரைக்கும்தாம்மா பொறுக்க முடியும். அதுக்கு மேல ஈரம் நிக்காது."

"திங்கட்கிழமை நிச்சயம் வர்றாருங்க. மூணு நாள்தானே."

"அவருக்கு மூணு நாளு. சாமைக்கு ஒரு வருசம்."

ஆகவே மாமா, தங்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வியாழக்கிழமைக்குள் இங்கே வந்தாக வேண்டும். அவர் உட்காரக்கூட வேண்டாம். கயிற்றுக்கு வெளியே நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும், அவர் தலையைத் திருப்புவதற்குள் நாங்கள் கம்பு நட்டுவிடுவோம். தங்கள் ஆபீஸிலேயே இரண்டு மேசை தள்ளி உட்காருகிறவர் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். ஜீப் இல்லை என்பார். பஸ்ஸில் வரட்டும். நடக்க முடியாது என்பார். ஜமுனாமரத்தூருக்கு நான்கு பேரை அனுப்புகிறேன், தூக்கிக்கொண்டு வருவார்கள், பிரசவத்துக்குப் பெண்களை அப்படித்தான் இறக்குகிறார்கள், அவரை ஏற்றுவதற்கு என்ன. தாங்கள் எழுதிய சீட்டை நம்பி மூன்று வாரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன், இல்லாவிட்டாலும் கேட்கிறேன். மேற்கே மறுபடியும் கருக்கிறது.

இன்றைக்கு உங்கள் சகலை பரீட்சைக் கேள்வித்தாள் வாங்கப் போயிருப்பதால் பள்ளிக்கூடம் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு காலையிலிருந்து எழுதுகிறேன், எழுதியதை இரண்டு தடவை கிழித்தும்விட்டேன். பாப்பா செல்லியம்மாளிடம். சாம்பலுக்குப் பக்கத்தில் கவுண்டரே உட்கார்ந்திருக்கிறார். கருப்பன் புளி மூட்டையோடு போளூருக்கு இறங்குகிறான், கடிதத்தை அவன் தங்கள் கையில் நேரே கொடுப்பான். பதிலை அவனிடமே எழுதிக் கொடுங்கள். தயவுசெய்து துண்டுச் சீட்டு வேண்டாம்.

சாந்தா அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்குப் பாப்பாவின் முத்தம், இருமல் நின்ற பிறகு. தங்கள் குடும்பம் என்றும் கூரையோடு இருக்க இந்த மலைச்சாமியை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
தே. ஜெயம்மாள், பி.எஸ்ஸி.
(சர்டிபிகேட் எரிந்துவிட்டது.)

பி.கு.: மாமா, மேலே அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எழுதியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். இன்ஸ்பெக்டர் வர வேண்டாம். வியாழக்கிழமையும் வேண்டாம், திங்கட்கிழமையும் வேண்டாம். எப்படியாவது தடுத்துவிடுங்கள்.

கடிதத்தை மடித்துக்கொண்டு கருப்பனிடம் கொடுக்கப் புளியந்தோப்பைத் தாண்டிப் போனேன். கருப்பன் புளி மூட்டையோடு இல்லை. உயரே விட்டத்தின் மேல் இரண்டு காலையும் போட்டு உட்கார்ந்து கைமரம் கட்டிக்கொண்டிருந்தான். என் வீட்டு விட்டம். கீழே சாம்பல் இருந்த இடம் பெருக்கித் தண்ணீர் தெளித்து ஈரமாக இருந்தது. ஊரில் நடக்கத் தெரிந்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். காவலுக்கு உட்கார்ந்திருந்த கவுண்டர் உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவில்லை, என் கயிற்றைத் துண்டு துண்டாக அறுத்து மேலே எறிந்துகொண்டிருந்தார்.

நான் கத்தினேன். கல்லூரியில் பேச்சுப் போட்டியில்கூட அப்படிக் கத்தியதில்லை. "உங்க அரிசி போச்சு. துணி போச்சு. பதினோரு வீட்டுக்கும் போச்சு. பழனி சொன்னதைக் கேட்டீங்கதானே?"

"கேட்டோம்மா," என்றார் கவுண்டர். "நல்லாவே கேட்டோம்."

"அப்புறம் ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"மேக்கால பாரு. வெள்ளிக்கெழம வரைக்கும் அது நிக்குமா? உனக்காகக் கட்டறோம்னு நெனச்சிக்காத. எங்க ஏரு நிக்குது."

"ஆமா, இவரு ஏருக்காகத்தான் கட்டறாரு," என்றாள் பாப்பாவை முதுகில் கட்டியிருந்த செல்லியம்மாள். "ராவெல்லாம் எழுந்து எழுந்து குந்திக்கினு, புள்ள இருமுது, புள்ள இருமுதுன்னு வூட்ல யாரையும் தூங்க வுடலியாம். இவரு பொண்டாட்டி சொல்றா."

கவுண்டர் கேளாதவர்போல் கயிற்றை அறுத்தார். நான் அங்கேயே நின்றேன். செல்லியம்மாள் ஒரு புல்லுக்கட்டை என் காலடியில் தள்ளினாள். "அழறதுன்னா அந்தப் பக்கம் போய் அழு. இல்லன்னா எடுத்து மேல குடு." எடுத்துக் கொடுத்தேன். எத்தனை கட்டுக் கொடுத்தேன் என்று தெரியாது.

ஆகவே இன்ஸ்பெக்டர் வந்தால் அவர் கண்ணுக்குத் தெரிவது பதினோரு நல்ல வீடும், தீயையே பார்க்காத ஓர் ஊரும்தான். என்னைக் கேட்டாலும் பழைய வீடு என்றுதான் சொல்லப்போகிறேன், மூங்கில் விவகாரம் இருக்கிறது. பழனிக்கு மட்டும் சங்கடம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், நல்ல பிள்ளை. மூன்று நாளில் தானே எழுந்து நிற்கிற ஊருக்கு எந்தப் படிவத்தில் இடம் இருக்கிறது என்று தங்கள் ஆபீஸில் யாருக்காவது தெரிந்தால் விசாரித்து எழுதுங்கள், மற்ற பத்து வீட்டுக்காகக் கேட்கிறேன்.

மழை பிடித்துக்கொண்டது. விட்டதும் கருப்பன் இறங்குவான். மேற்குப் பக்கம் கூரை வேய்ந்தாகிவிட்டது, கிழக்குப் பக்கம் இன்னும் நான்கு வரிசை பாக்கி. மேற்கே ஒரு மூலைதான் காற்றுக்கும் மறைவாக இருக்கிறது. அங்கே பாப்பாவைப் போட்டிருக்கிறேன், தூங்குகிறாள். கிழக்கே உட்கார்ந்து எழுதுவதால் கடைசி வரிகளில் மை ஓடியிருக்கும். படிக்க முடிந்தவரை படித்துக்கொள்ளுங்கள்.